கொங்கு நாட்டு மரியாதை

காபி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாங்கவில்லை.

மார்கழி மாதத்துக் காலை. ஜன்னலுக்கு வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. கோவை வண்டியில் வந்து இறங்கி, சென்ட்ரலிலிருந்து ஆட்டோ பிடித்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து, கால் கழுவிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார் எங்கள் சம்பந்தி பொன்னுசாமி. நிமிர்ந்த முதுகு, வெள்ளை வேட்டி. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவருடைய இடது கைப் பக்கம் நின்றேன். டபராவிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவர் என்னை ஒரு ஆளாக மதித்ததாகவே தெரியவில்லை.

"காபிங்க" என்றாள் அவர் மனைவி சரசு, மெதுவாக.

அவர் சட்டென்று உடம்போடு திரும்பி, "அடடே, குடுங்க குடுங்க" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் சமையலறைக்குத் திரும்பும்போது, செய்தித்தாளுக்கு மேலே எங்கள் வீட்டுக்காரரின் ஒற்றைப் புருவம் எழுந்தது. 'பாத்தியா?' என்று அர்த்தம். நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

தின்கிற முறுக்கும் தின்னாத முறுக்கும்

மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று உண்டு. பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூப்பிட்டால் வரமாட்டார்கள், உட்காரச் சொன்னால் நிற்பார்கள், பாயசத்தில் முந்திரி குறைந்தால் முகம் சுருங்கும்.

எங்கள் மாப்பிள்ளை கார்த்திக்கு அது கிடையாது. பெங்களூரில் எங்கள் பெண் நித்யாவோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்து, தானே பேசி, தானே எங்கள் வீட்டுக்கு வந்து, முதல் நாளே தரையில் உட்கார்ந்து இரண்டாவது தடவை ரசம் கேட்ட பையன். "பையனுக்குச் சேர வேண்டிய முறுக்கையும் அப்பனே எடுத்துக்கிட்டார்" என்பது எங்கள் வீட்டுக்காரருடைய கட்சி.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணம் காங்கேயத்தில், அவர்கள் ஊர் மண்டபத்தில். வாசலில் வரவேற்கிற இடத்தில் இவர் போய்ச் சம்பந்திக்குக் கை நீட்டினார். சம்பந்தி அந்தக் கையைத் தாண்டி நேரே நடந்து போய், எதிரே வந்த யாரோ ஒரு தேங்காய் வியாபாரியைக் கட்டிக்கொண்டார். நீட்டிய கை நீட்டியபடி நின்றது. எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்ததோடு விடாமல், திரும்பி வரும்போது வண்டலூர் வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

இவர் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தில் கையை நீட்டிக் காட்டுவதே தொழில். இவர் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஒரு வகுப்பே தலையைத் திருப்பும். அப்படிப்பட்ட கையை ஒருத்தர் பார்க்காமல் போனால் எப்படி இருக்கும்? அன்று நீட்டிய கையை மனசுக்குள் இவர் இன்னும் கீழே இறக்கவில்லை.

அவர்கள் பலகாரத்தோடு கொடுத்தனுப்பிய கை முறுக்கைக்கூட இவர் ஒரு வாரம் தொடவில்லை. பிறகு ஒரு மழை நாளில் டீயோடு எடுத்துத் தின்றார். "முறுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று கொஞ்சம் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

நித்யா கேட்டது

அந்த மார்கழிக்கு முந்தின வாரம் நித்யா போன் செய்தாள். அவளுக்கு அப்போது மசக்கை தீர்ந்து வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"அம்மா, மாமாவும் அத்தையும் மெட்ராஸ் பாக்கணும்னு ஆசைப்படறாங்க. நாலு நாள் நம்ம வீட்ல தங்குவாங்க. அப்பாதான் சுத்திக் காட்டணும்."

"அப்பாவா?"

"அப்பாதான். தை கடைசியில வளைகாப்பு. என் குழந்தைக்கு ரெண்டு தாத்தா இருக்காங்கம்மா. ஒருத்தர் கிழக்க பாத்துக்கிட்டு ஒருத்தர் மேற்க பாத்துக்கிட்டு போட்டோவுல நிக்கக் கூடாது. அதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் பேசிக்கணும். எனக்கு வேற சீர் ஒண்ணும் வேண்டாம்."

கடைசி வார்த்தையில் குரல் கம்மியது. வயிற்றுப் பிள்ளைக்காரி கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இவரிடம் சொன்னபோது, "வரட்டும். விருந்தாளிக்குச் செய்யறத எல்லாம் செய்வேன். கை மட்டும் நீட்ட மாட்டேன்" என்றார். ஆனாலும் அன்றே உட்கார்ந்து, எந்த நாள் எந்த இடம் என்று திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். லைட் ஹவுஸ் மேலே ஏறினதே கிடையாது. அடையாறு ஆலமரத்தைப் பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினபோது பார்த்ததுதான். வெளியூர்க்காரர்கள் வந்தால்தான் நம் ஊரை நாம் பார்க்கிறோம். மற்ற நாளில் அது பஸ் போகிற வழி.

அப்புறம், டிரங்க் கால் காலத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர்கள் அடுத்தவர் பேசுவதை ஒட்டுக் கேட்பீர்களா என்று. காதில் விழும், அம்மா. விழுந்ததை வெளியே விடமாட்டோம். எங்கள் தொழிலுக்கு அதுதான் தர்மம். இந்த வாரக் கதைக்கு அந்தப் பழக்கம் எனக்கு வேண்டியிருந்தது.

மாட வீதியில் ராஜா

முதல் நாள் மயிலாப்பூர். மெட்ரோ வேலைக்காக ரோட்டில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் கோலம், காய்கறிக்கடை, பைக், மாடு, நாங்கள் நாலு பேர்.

சரசு எப்போதும் தன் கணவரின் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு அரை அடி முன்னால் நடந்தாள். அப்படியும் அவர் இரண்டு தடவை வலது பக்கத்துத் தகரத்தில் தோளை இடித்துக்கொண்டார். "பொண்டாட்டி முன்னாடி வழி விலக்கிக்கிட்டே போகணும் போல. ராஜா பவனி வர்றார்" என்றார் இவர், என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கோயிலுக்குள் அர்ச்சகர் தீபாராதனைத் தட்டைப் பக்கவாட்டிலிருந்து நீட்டினார். சம்பந்தி கவனிக்கவில்லை. சாமியையே பார்த்துக்கொண்டு நின்றார். சரசு முழங்கையைத் தொட்ட பிறகுதான் திரும்பி ஒற்றிக்கொண்டார். இவர் என்னைப் பார்த்தார். 'கற்பூரத்துக்கே இந்தக் கதி' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

வெளியே வந்ததும் சம்பந்தி கோபுரத்துக்கு எதிரே நின்றுவிட்டார். அடியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பொம்மையாக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி மேலே போனார். கலசத்தை எட்டுவதற்குள் எங்களுக்குக் கால் வலித்துவிட்டது. இவருடைய திட்டப்படி அந்நேரம் நாங்கள் சாந்தோமில் இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலை தயிர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கதவில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு மருந்து பாட்டில். நான் அதை எடுத்துப் பார்ப்பதற்குள் சரசு வந்துவிட்டாள்.

"என்ற மருந்துங்க" என்றாள். தன்னுடையது என்று கேட்காமலே சொன்னாள்.

கண்ணு தெர்லயா?

இரண்டாம் நாள் தி. நகர். எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஓட்டும் சேகரை நாலு நாளைக்கும் பேசி வைத்திருந்தோம். ரங்கநாதன் தெருவுக்கு வெளியே அவன் நிறுத்திக்கொள்ள, நாங்கள் கூட்டத்துக்குள் இறங்கினோம்.

அந்தத் தெருவில் யாரும் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மை நடத்திக்கொண்டு போகும். கொஞ்ச தூரத்திலேயே சரசுவின் கை விலகிவிட்டது. தரையில் கூடையை வைத்து மல்லிப்பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் சாக்கின் மேல் சம்பந்தி காலை வைத்துவிட்டார். கட்டிவைத்த சரம் செருப்பில் சிக்கிக்கொண்டது.

"இன்னா நைனா, கண்ணு தெர்லயா? பூவ மிதிச்சிக்கினு போற?"

சம்பந்தி குரல் வந்த பக்கம் முழுசாகத் திரும்பினார். அவளைப் பார்த்ததும் கை கூப்பினார். "தப்புதானுங் அம்மணி. தெரியலீங்க."

அந்த அம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. "சரி வுடு நைனா. பாத்துப் போ" என்று சாக்கை இழுத்துக்கொண்டாள். பின்னாலிருந்து முட்டி மோதிக்கொண்டு வந்த சரசு, மிதிபட்ட சரத்தோடு கூடையில் இருந்த பூவையும் மொத்தமாக வாங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அடுத்தவள் வாயில் விழுந்ததற்காகக் கலங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்ன 'தெரியலீங்க' என்பதையும் மன்னிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பூக்காரி கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார் என்று மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

மத்தியானம் எழும்பூர் மியூசியத்துக்குப் போகிற வழியில் சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் ஓரமாக, சேகர் வண்டியை மெதுவாக்கினான்.

"சார், ஊர்ல கீற எடம் எல்லாம் காட்னீங்க. நானும் ஒண்ணு காட்டட்டா? தோ, அந்தக் கம்பம் கீதே, அதுக்குப் பின்னாலதான் எங்க வூடு. நான் பொறந்தது அங்கதான். இடிச்சிட்டு எங்கள பெரும்பாக்கத்துல கொண்டு போய் வுட்டாங்க."

அங்கே ஒன்றும் இல்லை. கம்பி வேலி, கொஞ்சம் புல், ஒரு நாய்.

"நிறுத்துங்க தம்பி" என்றார் சம்பந்தி. இறங்கி, வேலிக்கு நேரே போய் நின்றார். "வாசல் எந்தப் பக்கமுங்க?"

"ஆத்தப் பாத்த மாதிரி, நைனா."

"அடுப்பு?"

"உள்ளார நொழஞ்சதும் இருக்கும். மழ பேஞ்சா அடுப்பத் தூக்கி கட்டில் மேல வெச்சிருவோம்." சேகர் சிரித்தான். யாரும் அவனை அடுப்பு வரைக்கும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கோபுரத்தைப் பார்த்த அதே நிதானத்தோடு சம்பந்தி அந்தக் காலி இடத்தையும் பார்த்தார். வண்டிக்குள் இவர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "மியூசியத்த மூடிருவான். இங்க காலி மனையப் பாத்துக்கிட்டு நிக்கறோம்."

ஆலமரத்தடியில்

மூன்றாம் நாள் காலையில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லி சம்பந்தியும் சரசுவும் மட்டும் சேகர் வண்டியில் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் நாங்கள் எல்லாரும் அடையாறு ஆலமரத்துக்குப் போனோம்.

உள்ளே போனால் வெயில் ஒரு படி குறைகிறது. எங்கு பார்த்தாலும் விழுது. அடிமரம் புயலில் சாய்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது, விழுதுகள்தான் இப்போது மரம். இவர் அதைச் சம்பந்திக்கு விளக்கிக்கொண்டு முன்னால் போனார். விருந்தாளிக் கடமை. சம்பந்தி இவர் குரல் வந்த திசைக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு போனார்.

சரசு என்னைப் பிடித்து ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லோணும். காத்தால நாங்க சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போவலீங்க. கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருந்தோம்."

நான் ஃபிரிட்ஜ் கதவை நினைத்துக்கொண்டேன்.

"அவருக்கு நேரா இருக்கறது மட்டுந்தானுங்க தெரியுது. ரெண்டு பக்கமும் போயிருச்சு. குழாய்க்குள்ள பாக்கறாப்புல. கண்ணுல அழுத்தம்ங்கறாங்க. ரொம்ப நாளாவே இருந்திருக்குது, நாங்கதான் வயசாச்சு, தடுமாறறாருன்னு உட்டுப்போட்டோம். கல்யாணத்தப்பவே அப்படித்தான் இருந்திருக்கும்ங்க."

கல்யாணத்தப்பவே. மண்டப வாசல் எனக்கு அப்படியே முன்னால் வந்தது. வாழைமரம், ரோஜாப்பூத் தட்டு, பன்னீர்ச் சொம்பு. இவர் நின்றது வாழைமரத்து ஓரம். சம்பந்தியின் இடது பக்கம்.

"டாக்டருங்க என்ன சொன்னாங்க?"

"போனது வராதுன்னுட்டாங்க. மருந்து ஊத்துனா இருக்கறதக் காப்பாத்திக்கலாமாம். எவ்வளவு நாளைக்குன்னு கேட்டா பாக்கலாம்ங்கறாங்க. அதானுங்க, பாக்கறத இப்பவே பாத்துப்போடலாம்னு வந்தோம். கடலு, கோயிலு, எல்லாம்." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "பேரனோ பேத்தியோ, மொகத்த ஒருக்கா நல்லாப் பாத்துப்போட்டனா அப்பறம் போனாலும் போகுதுங்கறாரு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சம்பந்தியம்மாளின் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்றெல்லாம் யோசிக்கவில்லை. முதல் தடவையாக அவளை, "சரசு" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"கார்த்திக்குச் சொல்லிராதீங்க. தெரிஞ்சா கொப்பரை காயப்போடற தேங்காய்க் களத்த வித்துப்போட்டு பெங்களூர் வந்துருங்கம்பான். அந்த ஊட்டுக்குள்ள இவரு என்னங்க பண்ணுவாரு? களத்துலன்னா கண்ண மூடிட்டு நடப்பாரு. நேரம் வந்தா அவரே சொல்லுவாரு. உங்க ஊட்டுக்காரர்கிட்டயும் வேண்டாமுங்க. பாவம்னு ஒருத்தர் பாத்துட்டா இவரு தாங்கமாட்டாரு."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள்தான் கடைசி நாள். நித்யாவுக்கு நான் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், சரசுவுக்குக் கொடுத்த வாக்கு இன்னொரு பக்கம்.

தூரத்தில் இவர் ஒரு விழுதைத் தட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சம்பந்தி வேறு விழுதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு வேறு பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவரைக்காய் நறுக்கும்போது சொன்ன பொய்

அன்று சாயங்காலம் அவர்கள் அறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் அருகில் வந்து நின்றார்.

"கேட்டியா? மரத்தப் பத்தி அவ்வளவு சொல்றேன், மனுஷன் திரும்பிக்கூடப் பாக்கல. வளைகாப்புக்கு நான் வர்றேன். சாப்டுட்டு ஒரு ஓரமா உக்காந்திருக்கேன். அதுக்கு மேல என்னை எதுவும் கேக்காத."

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. உண்மை நாக்கு நுனியில் இருக்கிறது, சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாய் தானாகப் பேசியது.

"நீங்க பக்கவாட்டுல நின்னு பேசறீங்க. அதான்."

"அதனால?"

"அவங்க பக்கத்து மரியாதை வேற மாதிரி. கொங்கு நாட்டுல பக்கத்துல நின்னு கை நீட்டினா வாங்க மாட்டாங்களாம். நேரா போய், எதுத்தாப்புல நின்னு, முகத்தப் பாத்துப் பேசணும். அப்படி நின்னாத்தான் சமமா மதிக்கறாங்கன்னு அர்த்தம்."

"யார் சொன்னா?"

"சரசு." நேராக நின்றால்தான் தெரியும் என்று அவள் சொன்னாள் அல்லவா? முழுப் பொய் இல்லை.

இவர் யோசித்தார். புவியியல் வாத்தியாரிடம் ஒரு வசதி உண்டு. ஊருக்கு ஊர் வழக்கம் மாறும் என்று சொன்னால் நம்பிவிடுவார். "இருக்கலாம். நொய்யல் கரையில அந்தக் காலத்துல வழிப்பறி ஜாஸ்தி. பக்கவாட்டுல வர்றவன நம்ப மாட்டாங்க. அப்படியே பழக்கமாயிருக்கும்" என்று காரணமும் அவரே கண்டுபிடித்துவிட்டார். கொஞ்சம் பொறுத்து, "கல்யாணத்தன்னிக்கு நான் எங்க நின்னேன்?" என்றார்.

"வாழைமரத்து ஓரமா."

"ம். இத முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்."

அவரைக்காயை நான் கொஞ்சம் அதிகமாகவே பொடியாக நறுக்கிவிட்டேன்.

மேலே நல்ல காற்று

நாலாம் நாள் லைட் ஹவுஸ். கீழே நொச்சிக்குப்பத்து மீன் வாசனை. லிப்டுக்கு நீளமான வரிசை. இவர் வரிசையில் சம்பந்திக்கு முன்னால் போய், அவரைப் பார்த்த மாதிரி திரும்பி நின்றுகொண்டார். வரிசை நகரும்போதெல்லாம் பின்பக்கமாகவே நடந்தார். பின்னால் நின்ற காலேஜ் பெண்கள் சிரித்தார்கள்.

ஆனால் சம்பந்தி பேச ஆரம்பித்துவிட்டார். கொப்பரை விலை, நொய்யலில் சாயத் தண்ணீர், நித்யா செய்கிற புளிக்குழம்பு. ஒன்று கேட்டால் மூன்று சொன்னார். இவர் என் பக்கம் பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்தார். 'மரியாதை வேலை செய்யுது.'

மேலே போனதும் கடல். சம்பந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். நானும் பார்த்தேன். தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன்.

இவர் பழக்க தோஷத்தில் வாத்தியாராகிவிட்டார். அவருக்கு வலது பக்கம் நின்று கையை நீட்டி, "அதோ பாருங்க, சாந்தோம் தேவாலயம்" என்றார்.

"எங்கீங்க?"

"அதோ, வெள்ளையா."

சம்பந்தி முதலில் தலையைத் திருப்பினார். பிறகு தோளைத் திருப்பினார். பிறகு முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு தேடினார். இவர் நீட்டிய கை அவர் கன்னத்துக்கு அருகிலேயே இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கையையும் தாண்டித் தேடினார்.

இவர் பேச்சு நின்றது. காற்றில் சட்டை படபடத்துக்கொண்டிருந்தது. நீட்டிய கையை இவர் கீழே இறக்கினார். இறக்கி, உள்ளங்கையை விரித்து, கை குலுக்குவதற்கு நீட்டுகிற மாதிரி சம்பந்தியின் பக்கவாட்டில் பிடித்தார். மண்டப வாசலில் நீட்டின அதே கை. சம்பந்தி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இவர் அந்தக் கையை மெல்ல நகர்த்தினார். கொஞ்சம் கொஞ்சமாக, வளைத்துக்கொண்டு, முன்னால். ஏறக்குறைய மார்புக்கு நேரே வந்த பிறகுதான் சம்பந்தியின் முகம் மலர்ந்தது.

"அட, என்னங்க சம்பந்தி, கை குடுக்கறீங்க?" என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நானும் கல்யாணத்துல இருந்து பாக்கறன், நீங்க ஒருக்காகூடக் கை குடுக்கலியேன்னு. மெட்ராஸ்காரரு, கொஞ்சம் முறுக்குப் போலன்னு இருந்துட்டனுங்க."

சரசு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டையும் செய்தேன்.

இவர் கையை விடவில்லை. "முறுக்குதான் சம்பந்தி. இப்ப சரியாப் போச்சு" என்றார். பிறகு அவருக்குப் பின்னால் போய் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் வலது பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கயே நில்லுங்க. இப்ப நேரா பாருங்க. வெள்ளையா தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அதான் சாந்தோம். இப்ப இன்னும் திரும்பலாம். மொத நாள் பாத்தமே, மயிலாப்பூர் கோபுரம், அது வரும்."

அப்படியே ஊர் முழுவதையும் அவர் முன்னால் ஒவ்வொரு துண்டாகக் கொண்டுவந்து வைத்தார். காவலுக்கு நின்றவர் வந்து, "போதும் சார், நகருங்க, ஜனம் நிக்குது" என்றார். "என் சம்பந்தி இன்னும் பாக்கல" என்றார் இவர். இவ்வளவு காலத்தில் இவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

இறங்கும்போது லிப்டில் என் காதருகே, "கொங்கு நாட்டு மரியாதையா?" என்றார்.

"ஆமா."

"ம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு இன்றுவரை அந்தப் பேச்சை அவர் என்னிடம் எடுத்ததில்லை. நானும் கொடுத்த வாக்கை மீறவில்லை.

பேத்தி

வளைகாப்புப் போட்டோவில் நித்யா நடுவில் இருக்கிறாள். இரண்டு தாத்தாக்களும் காமிராவைப் பார்க்கவில்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். "இது என்னம்மா போஸு?" என்று அவள் கோபித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் போட்டோவைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள்.

இப்போது கார்த்திக்கும் எல்லாம் தெரியும். சம்பந்தியே ஒரு நாள் களத்தில் வைத்துச் சொன்னார். களம் விற்கப்படவில்லை, மருந்து தவறாமல் போகிறது. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க. முறுக்குன்னு சொன்னதையும் சேத்தி எழுதுங்க" என்றார்.

கார்த்திக்குத் தெரிவதற்கு முன்னால் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது.

தலைப்பிரசவம் எங்கள் பொறுப்பு. சித்திரை வெயிலில் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி. வராந்தா நாற்காலியில் சம்பந்தி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சரசு வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதவு திறந்து, நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் எழுந்தோம். சம்பந்தியும் எழுந்தார். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார்.

இவர் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டார். தான் பார்க்கவில்லை. அப்படியே நாற்காலி வரிசையைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர்க் கேனைத் தாண்டி, சம்பந்திக்கு நேர் எதிரே போய் நின்றார்.

"சம்பந்தி, நேரா இருக்கேன்."

சம்பந்தி பார்த்தார். நெற்றி, புருவம், மூடின கண், மூக்கு, உதடு, தாடை. கோபுரத்தைப் பார்த்தாரே, அதே நிதானம். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மூக்கு உங்குளுதுங்க" என்றார் கடைசியில். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

கார்த்திக்குச் சிரிப்பு. "ஏன் மாமா, அப்பா பக்கத்துலயேதான நின்னாரு. இப்படி ஊரச் சுத்திக்கிட்டு வந்து காட்டறீங்க?"

"அது கொங்கு நாட்டு மரியாதை, மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாதா?"

கார்த்தி அப்பாவைப் பார்த்தான். "நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு இருக்குதுங்களாப்பா?"

சம்பந்தி குழந்தையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இருக்குது கண்ணு" என்றார். "போன மார்கழியிலதான் வந்துச்சு."